மலை ஏறக்கூடாத வண்டி

பாப்பாவின் அப்பாவுக்கு,

முதலில் இன்ஜினை அணைத்துவிடுங்கள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கல் ஏற்றி நின்றாலும் சரி, இறக்கிக்கொண்டு நின்றாலும் சரி, வண்டி அப்படியே நிற்கட்டும். அணைத்தாயிற்றா? இனிமேல் படியுங்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்திருப்பவன் என் தம்பி. உங்கள் முகாமுக்குச் சாமான் ஏற்றி வரும் வேனில் இடம் கேட்டு அனுப்பியிருக்கிறேன். கடைசிச் சோதனைச் சாவடிக்கு மேலே போன் எடுக்காதாம். மூன்று நாளாக உங்களைக் கூப்பிட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அவன் பையில் வண்டிக்கு இரண்டு புது ஆயில் ஹோஸ் இருக்கிறது. நீங்களாகப் பேசாதவரை அவன் வாய் திறக்க மாட்டான். கிளட்ச் கருகியது உங்கள் ஓட்டத்தால்தான் என்று நாலு பேர் முன்னால் அவன் சொன்னது தப்புதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பேச்சு நின்று பதினொரு மாதமாகிறது. இன்று ஒரு நாள் அதை ஓரமாக வையுங்கள்.

பாப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அப்பா வந்து பார்க்கட்டும் என்று தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறாள். ‘ஸ’ வருகிற இடமெல்லாம் காற்றுதான் வருகிறது.

நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், அவன் வேலை செய்யும் பட்டறையில் நீங்கள் இருவரும் என்னை நடுவில் நிறுத்தி ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வரவில்லை. உங்களிடமிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டு, “அக்கா, ஆயில் எங்க சொட்டுதுன்னு கேளு” என்றான் அவன். “பில்டருக்குப் போற ஹோஸ் ரெண்டும் ஒழுகுது, கண்ணு தெரியலையான்னு உன் தம்பிகிட்ட கேளு” என்றீர்கள் நீங்கள். பக்கத்தில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவர் சிரிப்பு தாங்காமல் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டார். மற்ற வண்டிகளில் ஆயில் பில்டர் இன்ஜினோடு ஒட்டி இருக்கும். நம் லாரியை முன்பு வைத்திருந்தவர், மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று அதைத் தள்ளிக் கொண்டுபோய்ச் சட்டத்தில் மாட்டி, ஒரு ஹோஸில் ஆயில் போகவும் இன்னொன்றில் திரும்பவும் செய்துவிட்டார். அந்த வசதிதான் இப்போது நம் கழுத்தில் வந்து நிற்கிறது.

நீங்கள் டீ குடிக்கப் போன பிறகு தம்பி என்னிடம் ஒன்று சொன்னான். அது உங்களுக்குத் தெரியாது. அந்த அளவில் ஹோஸ் கடையில் இல்லை, சொல்லிச் செய்து வாங்க நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் ஒழுகின முனைகளை வெட்டிவிட்டு, கிளிப் போட்டு முறுக்கி வைத்திருந்தான். “வெட்டினதுல ஹோஸ் குட்டையாயிடுச்சு அக்கா. இழுத்துக்கிட்டு நிக்குது. சைலன்சர் குழாய்க்குப் பக்கத்துல வேற போகுது. நாலு நாளைக்கு ஊருக்குள்ள மட்டும் ஓட்டட்டும். பாரத்தோட மலை ஏறவே கூடாது. ஹோஸ் கழண்டா கொதிக்கிற ஆயில் நேரா சைலன்சர் மேல அடிக்கும். அப்புறம் தீதான். மாமாகிட்ட மறக்காம சொல்லிடு” என்றான்.

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, “உன் தம்பி கை வெச்ச வண்டி, எந்த ரோட்டுல படுக்கப்போகுதோ” என்று ஆரம்பித்தீர்கள். ஒருவர் பேச்சை இன்னொருவருக்குச் சுமந்து சுமந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. இனி உங்களுக்கு நடுவில் நான் தபால்காரி இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்த்தேன். சிமெண்ட் கிடங்குக்குத்தானே போகிறார், சாயங்காலம் கோபம் தணிந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். வண்டி நின்ற இடத்தில் புதுச் சொட்டு மூன்று கிடந்தது. அதையும் பார்த்தேன். வண்டி அப்போது தெருமுனையைத் தாண்டவில்லை. கூப்பிட்டிருந்தால் உங்கள் காதில் விழுந்திருக்கும்.

சாயங்காலம் நீங்கள் வரவில்லை. கிடங்கு வாட்ச்மேன்தான் போன் செய்து, சுரங்கப்பாதை வேலைக்குக் கல் ஏற்ற மலைக்குப் போய்விட்டீர்கள், வர ஒரு மாதம் ஆகும் என்றார். அன்றிலிருந்து அந்த மூன்று சொட்டையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்க்கிறேன். அகலமாகிறதே தவிரப் போகவில்லை. அடுப்பில் ஏதாவது அடிப்பிடித்தால்கூட வாசலுக்கு ஓடுகிறேன்.

நேற்று தம்பி புது ஹோஸோடு வந்தான். நீங்கள் மலையில் இருப்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. “மாமாகிட்ட சொன்னியா?” என்று கேட்டான். சொன்னேன் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. “சொல்லியுமா ஏறுனாரு?” என்று பல்லைக் கடித்தான். பிறகு ஸ்பேனர்களைப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டான். ஆகவே அவன் உங்களை முறைத்தால், அது என்னால் வந்தது. உண்மை அவனுக்கு இன்னும் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

சிவப்பு நூல் கட்டிய ஹோஸ் பில்டருக்குப் போகிற பக்கம். இரண்டையும் மாட்டியதும் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, ஆயில் மீட்டரில் முள் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். முனைகளைத் துணியால் துடைத்தால் துணி காய்ந்தே இருக்க வேண்டுமாம். இதை அவன் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னைத் திட்டுவதற்காகவாவது முழுசாக வீடு வந்து சேருங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
பாப்பாவின் அம்மா


பாப்பாவின் அம்மாவுக்கு,

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் தம்பி வந்து இறங்கியபோது வண்டி என்னிடம் இல்லை. அன்று காலையில் காய்ச்சலில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நான் போக வேண்டிய நடைக்கு நெட்டை வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தான். நெட்டை என்னோடு ஒரே கொட்டகையில் படுக்கும் டிரைவர். நிமிர்ந்து நின்றால் கூரைத் தகரம் தலையில் இடிக்கும். சாப்பிடும்போதும் பாடுவான். “நீங்க படுங்கண்ணே, நான் ஒரு நடை போட்டுட்டு வந்துடறேன்” என்று சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். தீ என்ற இடம் வந்ததும் மடித்துவிட்டு, “வண்டி மேல போயிருக்குடா” என்றேன். உன் தம்பி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மேற்பார்வையாளரின் ஜீப்பில் ஏறிப் பின்னாலேயே போனோம். நான்காவது வளைவில் ரோட்டில் சொட்டு தெரிந்தது. ஏழாவதில் சொட்டு கோடாகிவிட்டது. ஒன்பதாவதில் கருகல் வாடை வந்தது. உன் தம்பி என் முழங்கையைப் பிடித்தவன், விடவே இல்லை.

வண்டி மலைப்பக்கப் பாறையில் இடித்து நின்றிருந்தது. முன்பக்கம் எரிந்து முடிந்து, சட்டம் மட்டும் இருந்தது. நெட்டை பள்ளத்துப் பக்கம் விடாமல் பாறையில் மோதி நிறுத்தியிருக்கிறான். ஆனால் கதவு சட்டென்று திறக்கவில்லை. இரண்டு கையும் முகத்தில் ஒரு பக்கமும் வெந்துவிட்டன. கீழே ஆஸ்பத்திரியில் இருக்கிறான். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். கண்ணைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் சொல்லாமல் போகிறார்கள். என்னைப் பார்த்ததும், “அண்ணே, உங்க வண்டியை எரிச்சுட்டேனே” என்று அழுதான். நான் வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்து, உன் கடிதத்தின் மிச்சத்தைப் படித்தேன்.

நேற்று போலீஸ்காரர்கள் விசாரிக்க வந்தார்கள். உன் தம்பி எதையும் மறைக்கவில்லை. “நான்தான் வெட்டி கிளிப் போட்டேன். மலை ஏத்தக்கூடாதுன்னு அக்காகிட்ட சொன்னேன். அக்காவும் சொல்லிட்டாங்க” என்றான். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “ஆமா சார், சொன்னா. நான்தான் காதுல வாங்கல” என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உன் தம்பி அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வாங்கிவந்து, பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறான்.

நாளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எப்போது விடுவார்கள், விடுவார்களா என்று தெரியவில்லை. மலை வேலைக்குப் போவதை உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியவன் நான். அதை நீ குறையாக எழுதவில்லை, நானே எழுதிக்கொள்கிறேன்.

உன்னைக் கேட்க வீட்டுக்கும் ஆள் வரும். பயப்படாதே. அன்று காலையில் நீ பாத்திரம் தேய்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாய். நான் செருப்பை மாட்டிக்கொண்டு “சரி சரி” என்று கிளம்பிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. வருகிறவர்களிடம் அதைச் சொல். உன் தம்பியிடமும் அதையே சொல். என்றைக்காவது நெட்டையின் அம்மா நம் வாசலில் வந்து நின்றாலும் அதையே சொல். உன் கடிதத்தை நெருப்பில் போட்டுவிட்டேன், இதையும் நீ போட்டுவிடு.

நீ சொன்னாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பாப்பாவைப் பார்த்துக்கொள்.

பாப்பாவின் அப்பா