முழங்காலைத் தொடும் கூந்தல்

காரைக்குடி,
11-8-1974

அன்பு மகள் ஜன்னத்துல் பிர்தௌஸுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், பினாங்கில் நீயும் மாப்பிள்ளை அமீர் ஹம்சாவும் இதைவிடச் சுகமாக இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறோம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கிளம்பும்போது வந்தது. அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது, மழைதான் இன்னும் இறங்கவில்லை, கிணற்றில் வாளி தரை தட்டுகிறது.

நீ வீட்டில் காய்ச்சி விற்கும் தலை எண்ணெய்க்கு மாப்பிள்ளை அடித்த மூன்று நோட்டீசையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மார்ச் மாதத்து நோட்டீசில் தலைக்குக் குளிர்ச்சி என்றிருக்கிறது, மே மாதத்தில் நாற்பது நாளில் முடி வளரும் என்றிருக்கிறது, இப்போது வந்ததில் வழுக்கையிலும் வளரும் என்றிருக்கிறது. அம்மா கேட்டுவிட்டு, “எண்ணெயை மாத்திக் காச்சுறாளா, இல்ல பேச்ச மட்டும் மாத்துறாளா, கேட்டு எழுதுங்க” என்றாள். சீசாவில் ஒட்டுவதற்கு அவளுடைய இளவயதுப் படம், கூந்தலை அவிழ்த்துவிட்ட படம், கேட்டிருந்தாய். அதை அனுப்பமாட்டேன் என்றுவிட்டாள். கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஏன் என்பது உனக்குத் தெரியாது. அறுபத்தாறில் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது உனக்கும் ஒட்டிவிடும் என்று உன்னைச் சிவகங்கையில் மாமா வீட்டில் விட்டிருந்தோம், நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய்.

அறுபத்தைந்தில் நம் சீயக்காய்த்தூளுக்கு நான் டாக்கீசில் விளம்பரச் சிலைடு போட்டேன். பச்சைப்பயறும் வெந்தயமும் பூலாங்கிழங்கும் சேர்த்து அம்மா பக்குவம் சொன்ன தூள், அதனால் ரஹீமா சீயக்காய்த்தூள் என்று அவள் பெயரையே வைத்திருந்தேன். சிலைடு எழுதிய மாயக்கண்ணன் ஒரு பெண்ணை வரைந்து, முழங்காலைத் தொடும் கூந்தல் என்று கீழே எழுதினான். எழுதச் சொன்னது நான்தான். இடைவேளையில் அது திரையில் விழும்போது ஆண்கள் பக்கத்தில் நின்று பார்ப்பேன், பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடும், எனக்குத் தலைகால் புரியாது. அந்த வருஷம் மில்லில் வாரம் இரண்டு நாள் நமக்காகவே அரைத்தார்கள். வீடு முழுக்க அந்த வாசம், வாசல்படி ஏறும் எல்லோரும் தும்மிக்கொண்டேதான் ஏறுவார்கள். இப்போதும் எங்காவது அந்த வாசம் வந்தால் உன் அம்மாவின் அந்த வயது முகம்தான் எனக்கு வருகிறது.

அடுத்த வருஷம் அவளுக்கு டைபாய்டு வந்தது. இருபத்திரண்டு நாள் படுத்த படுக்கை. பிழைத்து எழுந்தாள், ஆனால் சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக முடி கையோடு வந்தது, பத்தே நாளில் தலை உள்ளங்கைபோல் ஆகிவிட்டது. எனக்கு அவள் பிழைத்த சந்தோஷத்துக்கு மேலே ஒரு பயம் ஏறிக்கொண்டது. கடைக்கு ஆண்கள் வருவார்கள், பெண்கள் வீட்டுக்கு வந்துதான் தூள் வாங்குவார்கள், அவர்கள் பார்த்தால் என்ன ஆகும்? அவளை உள் அறையில் இருக்கச் சொல்லிவிட்டு, வந்தவர்களிடமெல்லாம் அவள் ஒக்கூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

ஒக்கூர் அம்மாக்கண்ணுவை உனக்கு நினைவிருக்கும், மாதம் தவறாமல் வந்து இரண்டு பொட்டலம் வாங்குவாள், வெற்றிலை வாயோடு சத்தமாகப் பேசுவாள். காய்ச்சல் கேள்விப்பட்டு அம்மாவுக்குச் சூப்பு வைக்க ஒரு நாட்டுக்கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். கூட இன்னும் மூன்று பெண்கள். நான் பழக்கத்தில் அதே பொய்யைச் சொன்னேன். அவள், “என்ன பாய் சொல்றீக, நான் ஒக்கூர்லருந்துதான வாரேன், அவுக அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான பஸ் ஏறுனேன்” என்றாள். கோழி கத்துகிறது. அப்போதுதான் உன் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அந்தப் பெண்கள் முன்னால் முக்காட்டை எடுத்தாள். “காச்சல்ல கொட்டிப்போச்சு அம்மாக்கண்ணு. இந்தத் தூளு அழுக்கத்தான் எடுக்கும், முடிய வளக்காது. முழங்காலு வரைக்கும்னு சினிமாவுல போட்டது பொய்யி” என்றாள். அம்மாக்கண்ணு கோழியை அவள் கையில் கொடுத்துவிட்டு, தூள் வாங்காமலே போய்விட்டாள்.

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாயக்கண்ணனிடம் போய், தலை அழுக்கு நன்றாகப் போகும் என்பதை மட்டும் எழுதச் சொன்னேன். அவன், “பாய், படம் பாக்க வந்தவன் எந்திரிச்சுப் போயிருவான்” என்றான். உண்மையிலேயே விசில் அடித்தார்கள். விற்பனை பாதிக்குக் கீழே போனது, கூந்தலைப் பாம்புபோல் வரைந்து வேறொரு தூள் வந்தது. மில்லில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவைதான் நமக்கு வேலை. ஆனாலும் பொட்டலம், சிலைடு, கடைப் பலகை எல்லாவற்றிலும் அதே ஒரு வரி. மாற்றலாமா என்று நான் கேட்டபோதெல்லாம் உன் அம்மா வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டுவாள்.

மறு வருஷம் நோன்புப் பெருநாளுக்குள் அவளுக்கு முடி திரும்ப வந்தது. முன்னைவிட அடர்த்தி, சுருள் சுருளாக. எனக்கு நாக்கு ஊறியது மகளே, சிலைடுக்குப் படம் எடுக்க ஸ்டூடியோக்காரரை வீட்டுக்கு வரச் சொல்லலாம் என்றுகூட நினைத்துவிட்டேன். அவ்வளவு மாதம் வராமல் இருந்த அம்மாக்கண்ணு பெருநாள் அன்றைக்கு வந்தாள். அம்மாவின் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, “இந்தத் தூளப் போட்டுத்தான இம்புட்டு வந்துச்சு?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்று வாயெடுப்பதற்குள் உன் அம்மா, “இல்ல, அதுபாட்டுக்கு வந்துச்சு. தூளு அழுக்கத்தான் எடுத்துச்சு” என்றாள். விழுந்தபோது சொன்னதையே வளர்ந்தபோதும் சொன்னாள். அம்மாக்கண்ணு சிரித்துவிட்டு, “அப்ப அழுக்கு எடுக்குங்குறது நெசந்தான், நாலு பொட்டலம் கட்டுங்க” என்றாள்.

மாப்பிள்ளையிடம் நான் குறை சொன்னதாகச் சொல்லாதே, பக்குவமாகப் பேசு. எண்ணெயில் ஒரு சீசா உன் அம்மாவுக்கு அனுப்பு, குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதச் சொல்கிறேன். காற்றில் ஈரத்தலையோடு நிற்காதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும்.

உன் நலம் நாடும் அத்தா,
கா. மீரான் சாகிபு