ஆள் பிடிக்கிறது

இஞ்சருங்கோ,

நான் கிருலப்பனையிலை அக்கா வீட்டை நிக்கிறன். தேடி வராதேங்கோ.

சுற்றிவளைப்பிலை ஆமிக்காரர் என்ரை தம்பியைப் பிடிச்ச நாளிலையிருந்து இந்த அரசாங்கத்தை ஒவ்வொரு நியூஸுக்கும் திட்டினது நீங்கள்தான். வோட்டுப் போட்டிட்டு வந்து, விரல் மை காயிறதுக்கு முந்தி, "அவங்களுக்குத்தான் போட்டனான்" எண்டியள்.

ஏனெண்டு கேட்டன்.

"தம்பியை வெளியிலை எடுக்க மந்திரியின்ரை ஒஃபிசிலை இப்பதான் ஒரு ஆள் பிடிச்சு வைச்சிருக்கிறன். புதுக் கட்சி வந்தால் திரும்ப முதலிலையிருந்து ஆள் பிடிக்கவேணும்."

அந்தச் சொல்லை என்னட்டைச் சொல்ல உங்களுக்கு எப்பிடி வாய் வந்தது? நீங்கள் பிடிச்ச ஆள் இதுவரைக்கும் தம்பியை விடுவிச்சவனோ?

நேற்றுத் தம்பியைப் பார்க்கப் போனனான். கம்பிக்கு அங்காலை நிண்டு, "எலெக்சனிலை ஆர், அக்கா, வெண்டது?" எண்டு ஆசையாக் கேட்டான்.

"அத்தான்தான்" எண்டன்.

இப்படிக்கு,
அவன்ரை அக்கா