பெர்சிஸுக்குப் பெயரிட்ட ஞாயிறு

பழவேற்காடு,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஆல்வினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்காலில் மட்டும் நலம் கொஞ்சம் குறைவு. நீ கனடாவில் சுகமாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், ஆனால் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிகிறதே, அது சிக்னல் கோளாறா சாப்பாட்டுக் கோளாறா என்று எழுது. இதையும் போனிலேயே சொல்லியிருப்பேன். நான் ஒரு கதையைத் தொடங்கினால் உன் அப்பா குறுக்கே புகுந்து முடிவைச் சொல்லிவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

இந்தச் சபைக்குப் போதகராக மாற்றலாகி வந்தவள் நான், ஆனால் பாதி ஊர் அப்பாவைத்தான் போதகர் என்று நினைக்கிறது. நரைத்த தாடி, வெள்ளைச் சட்டை, போதாததற்கு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து கத்திக் கத்தி முற்றிய குரல். வந்த புதிதில், ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற பொன்னியம்மாள் காய்ச்சலில் கிடந்த பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஐயரே ஜெபம் பண்ணுங்கனு அப்பா முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஐயர் நானில்லை, இவங்கதான்னு அப்பா என்னைக் காட்டினார். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவங்க ஐயரு சம்சாரம், ஐயரம்மாதானே, நீயே பண்ணு நைனானு ஒரே பிடிவாதம். வேறு வழியில்லாமல் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே, இந்தப் பிள்ளையைப் பத்திரமா இறக்கி விடுங்கனு ஜெபித்தார். பிள்ளைக்குப் பதில் காய்ச்சல் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அப்பாவுக்கு இறாலும் நண்டும் வருகிறது, எனக்கு அதைக் குழம்பு வைக்கிற வேலை வருகிறது.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சபை மூப்பர் மாசிலாமணி விஷயம் அப்படியில்லை. நல்ல மனிதர்தான், கோயில் கூரை ஒழுகினால் அவரே ஏறி அடைப்பார். ஆனால் நான் நற்கருணை கொடுக்கத் தொடங்கினால் மெதுவாக எழுந்து வெளியே போய்விடுவார். அவருடைய முதல் பேத்திக்கு ஞானஸ்நானம் என்றதும் நேராக வீட்டுக்கு வந்து, பொம்பள கையால ஞானஸ்நானம்னா ஊர்ல இன்னா சொல்லுவானுங்கமா, பொன்னேரியிலிருந்து ஜீவரத்தினம் ஐயரை வரச் சொல்லிட்டேன், நீங்களும் உங்க வூட்டுக்காரரும் விருந்துக்கு வாங்கனு சொன்னார். ஜீவரத்தினம் ஐயர் ஓய்வு பெற்ற பெரியவர், எனக்கும் மரியாதை உண்டு. சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்த் தேவைக்கு மேல் வெங்காயம் நறுக்கினேன். அன்றைக்கு உன் அப்பாவுக்கு வெங்காயச் சாம்பார், வெங்காயப் பொரியல், வெங்காயப் பச்சடி. மனிதர் ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டார்.

ஞாயிறு வந்தது. மாசிலாமணி வீடு ஏரிக்கு நடுவே தீவுக் குப்பத்தில், அங்கேயே நம் சபையின் சின்ன ஜெபவீடும் இருக்கிறது. மணிகண்டன் படகில் எல்லாரும் ஏறினோம். ஜீவரத்தினம் ஐயர், எங்களை அழைத்துப்போக வந்த மாசிலாமணி, தாய்வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பும் அவர் மருமகள் வெண்ணிலா, அப்பா, நான், விருந்துக்கான மீன் குழம்பு ஒரு அண்டா. முகத்துவாரத்தில் மண் மூடியதால் ஏரியில் தண்ணீர் குறைவு, பாதி வழியில் படகு தரைதட்டி நின்றுவிட்டது. குழந்தைக்காரியையும் குழம்பையும் தவிர எல்லாரும் இறங்கித் தள்ளுங்கனு மணிகண்டன் சொன்னான். நான் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஜீவரத்தினம் ஐயர் இறங்கியவர் முழங்கால் வரை சேற்றில் புதைந்து அப்படியே முன்னால் சாய்ந்தார். தூக்கி நிறுத்தியபோது ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, காதில் மாட்டியிருந்த மெஷினில் மட்டும் தண்ணீர் போய்விட்டது. அதன் பிறகு பக்கத்தில் நின்று கத்தினால்தான் அவருக்குக் கேட்கும்.

ஜெபவீட்டில் ஆராதனை ஆரம்பித்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு, தண்ணீரில் கையை நனைத்து, இந்தக் குழந்தையின் பெயர் என்ன என்று ஐயர் கம்பீரமாகக் கேட்டார். வீட்டுப் பெரியவராகச் சொல்ல வேண்டியவர் மாசிலாமணி. அந்த நேரம் பார்த்து அவர் கண் ஜன்னல் பக்கம் போய்விட்டது. கட்டாமல் விட்ட படகு, அண்டாவோடு தனியாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. டேய் மணிகண்டானு அவர் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காக்கை பறந்தது. ஐயர் காதில் அது மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. சந்தோஷமாகத் தலையசைத்து, மணிகண்டன், பிதா குமாரன் என்று தொடங்கிவிட்டார். ஆல்வின், பெண் குழந்தை! நான் வாயைத் திறப்பதற்குள் வெண்ணிலா பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள், ஐயர் கையிலிருந்த தண்ணீரெல்லாம் அப்பா சட்டையில். அதுவரை மாமனார் முன்னால் வாய் திறக்காத பெண், மாமா, எனக்கு வலி வந்து பொன்னேரி ஆஸ்பத்திரில கெடந்தப்ப எங்கூட இருந்தது இவங்கதான், கொயந்தைய மொதல்ல கையில வாங்குனதும் இவங்கதான், இப்ப மட்டும் இவங்க கை இன்னா ஆயிடுச்சுனு கேட்டு, பிள்ளையை என் கையில் வைத்துவிட்டாள்.

ஜீவரத்தினம் ஐயருக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது, ஆனால் எல்லார் முகத்தையும் பார்த்தார், தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து என் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பேர் சொல்லுங்க என்று நான் மாசிலாமணியைப் பார்த்தேன். அவர் குனிந்த தலை நிமிராமல், பெர்சிஸ், எங்க அம்மா பேருனு சொன்னார். நான் ஞானஸ்நானம் கொடுத்தேன். நீ ஊழியத்துக்குத் தகுதியா என்று கேட்டவர்களுக்கெல்லாம் இத்தனை வருஷமாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்தவள் நான். அந்தக் குழந்தை ஒன்றும் கேட்கவில்லை, என் அங்கியின் கழுத்தைப் பிடித்தது, விடவே இல்லை.

படகை மணிகண்டன் நீந்திப் போய் இழுத்து வந்தான், குழம்பு ஒரு சொட்டு சிந்தவில்லை. கிறிஸ்தவப் பிள்ளைக்கு என் பேரு வைக்கப் பார்த்தாங்கனு ஏரி முழுக்கச் சொல்லித் திரிகிறான். அதற்கு அடுத்த ஞாயிறு, அதாவது நேற்று முன்தினம், நற்கருணையில் மாசிலாமணி கடைசி ஆளாக வந்து முழங்கால் போட்டுக் கையை நீட்டினார். அப்பத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன், ஆமென் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

நீ கோயிலுக்குப் போகிறாயா என்று நான் கேட்கமாட்டேன், அது அப்பா கேட்பார். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக் குல்லா போடு, கிறிஸ்துமஸ் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. பனியில் வழுக்காமல் உன் காலையும், தனிமையில் சோர்ந்துபோகாமல் உன் மனசையும் ஆண்டவர் பிடித்துக்கொள்வாராக.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ரூத் கஸ்தூரி