மரத்தடியில் தேடிய பந்து

மச்சான்,

இன்று காலை வேலைக்கு வரும்போது நானுஓயாவுக்குப் பக்கத்தில் பஸ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. ரோட்டோரத்து மலையில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். இடுப்பு உயரச் செடியெல்லாம் முழங்கால் அளவுக்குக் குட்டையாகி, மலையே மொட்டை போட்ட மாதிரி இருந்தது. வெட்டுப்பட்ட பச்சைக் குச்சியின் வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். கவ்வாத்து வாசத்துக்குச் சிரிக்கிறவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அதற்குக் காரணம் நீ.

நீயும் நானும் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தோம், ஒரே நாளில் நுவரெலியா கொல்ஃப் மைதானத்தில் துரைமாரின் மட்டைப் பை தூக்கப் போனோம், அப்புறம் நீ என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டாய். இவ்வளவு ஒட்டியிருந்தும் விளையாட்டில் மட்டும் நமக்குள் ஏணி வைத்தாலும் எட்டாது. நீ அடித்தால் பந்து நூல் பிடித்த மாதிரி போகும். நான் அடித்தால் நேராகத்தான் கிளம்பும், பாதி வழியில் மனம் மாறி வலது பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடும். துரைமார் அதற்கு ஸ்லைஸ் என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நம் பையன்கள் எனக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

பை தூக்குகிறவர்களுக்கு என்று வருடத்தில் ஒரு நாள் நடக்கும் ஜோடிப் போட்டிதான் நம் தீபாவளி. இரண்டு பேருக்கும் ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். நான் மரத்துக்குள் அனுப்புவேன், நீ குனிந்து, நெளிந்து, அட்டைக்கடி வாங்கி வெளியே எடுத்து வருவாய். நான் திரும்பவும் உள்ளே அனுப்புவேன். அந்தக் கப்பின் மேல் உனக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். வீட்டு ஷோகேசில் தங்கச்சியின் பீங்கான் கோப்பைகளைத் தள்ளிவைத்து அதற்கு இடமே ஒதுக்கியிருந்தாய். வேறு ஆளோடு சேர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிப்பாய் என்று பை தூக்குகிறவர்களில் மூத்தவர் என் முன்னாலேயே உன்னிடம் சொன்னார். நீ சிரித்தபடி, "இவன விட்டுட்டு ஜெயிச்சு, அத நான் யாருகிட்டண்ணே காட்டுறது?" என்று கேட்டாய். இந்த மனுசனுக்கு எப்படியாவது ஒரு தடவையாவது பந்தை நடுவில் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

யோசனை சொல்லாத ஆள் கிடையாது. பிடியை மாற்று என்றார் ஒருவர், தலையை ஆட்டாதே என்றார் இன்னொருவர். வலது பக்கம் போகிற பந்துக்கு இடது பக்கம் குறி வைத்தால் சரியாகிவிடும் என்று எனக்கே ஒரு யோசனை தோன்றியது. இடது பக்கம் திரும்பித் திரும்பி நான் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு நேராக நின்றேன், அவர்கள் பையை முகத்துக்குப் பிடித்துக்கொண்டார்கள். பந்து முன்னைவிட மோசமாக வளைந்தது.

ஆட்டம் இல்லாத நாட்களில் நான் தோட்டத்தில் கவ்வாத்துக்குப் போவேன் அல்லவா? ஒரு நாள் தங்கச்சி கொடுத்த ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு மலைக்கு வந்தாய். வந்தவன் பொட்டலத்தைக் கொடுக்காமல் நான் வெட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்கோ பசி. கத்தியை வெளியே கொண்டுபோய், குறுக்கே, நம் பக்கமாக ஒரே இழுப்பு; அப்படித்தானே கவ்வாத்து வெட்ட முடியும்? நீ தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

"மச்சான், ஒன் ஸ்லைஸு இங்கதான்டா இருக்கு. நீ பந்த அடிக்கல, கவ்வாத்து வெட்டுற. இழுத்தாதான் குச்சி வெட்டுப்படும். பந்த இழுக்காத, அனுப்பி வையி."

மறுநாள் லயத்துக்குப் பின்னால் பாடம் தொடங்கியது. தங்கச்சியின் கொழுந்துக் கூடையை எடுத்து வந்து, பந்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தாய். வெளியிலிருந்து குறுக்கே இழுத்தால் மட்டை கூடையில் படும், உள்ளிருந்து வெளியே வீசினால் தப்பும். முதல் வீச்சிலேயே கூடை பிய்ந்து வாழைமரத்தில் போய் விழுந்தது. தங்கச்சி வெளியே வந்து பார்த்தாள். நாளைக்கு எதில் கொழுந்து பறிப்பது, உங்கள் தொப்பியிலா என்று இருவருக்கும் சேர்த்து அவள் கொடுத்த பூசையில் பக்கத்து வீட்டு நாய்கூட உள்ளே போய்விட்டது. பிறகு பழைய உரச் சாக்கை உருட்டி வைத்துப் பழகினோம். கை கேட்க மாட்டேன் என்றது. நான் இழுக்கும்போதெல்லாம் நீ "கவ்வாத்து" என்பாய். கடைசியில் லயத்துச் சனம் முழுக்க அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

போட்டியன்று கடைசிக் குழி வரைக்கும் நாமும் இன்னொரு ஜோடியும் சமநிலையில் இருந்தோம். முதல் அடி என்னுடையது. வலது பக்கம் முழுக்க சைப்ரஸ் மரங்கள். நான் வீசினேன். சத்தமே வேறு மாதிரி இருந்தது. பந்து கிளம்பி, உயர்ந்து, எந்தப் பக்கமும் வளையாமல் பச்சைப் புல்லின் நட்டநடுவில் போய் விழுந்தது. சந்தோசத்தில் உன்னைக் கட்டிப்பிடிக்கத் திரும்பினால், உன்னைக் காணவில்லை.

நீ மரங்களுக்குள் இருந்தாய். நான் வீசிய உடனேயே, பழக்க தோசத்தில், பந்து எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் தேடப் போய்விட்டாய். குனிந்து புல்லை விலக்கிக்கொண்டிருந்தவனிடம் நான்தான் கத்தினேன்: "மச்சான், வெளிய வா. பந்து நடுவுல கெடக்கு." நீ நம்பவில்லை. வெளியே வந்து, பந்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, திரும்பவும் பந்தைப் பார்த்தாய். சிரித்துச் சிரித்து உன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த அடியில் அதைக் குழிக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினாய், நான் உருட்டி உள்ளே விட்டேன். கப்பை வாங்கியதும் நீ முதலில் என் கையில்தான் கொடுத்தாய்.

போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. அழுது தீர்த்தாயிற்று, அதை இங்கே எழுதப் போவதில்லை. இந்த வருடப் போட்டிக்கு வேறு ஒருவரோடு சேர்ந்தேன். நல்ல ஆட்டக்காரர், அமைதியானவர். நீ கொடுத்த வீச்சு இன்னும் என் கையில்தான் இருக்கிறது, பந்து நேராகத்தான் போகிறது. அது நடுவில் கிடப்பது தெரிந்தும், அடித்து முடித்தவுடன் என் கண் வலது பக்கத்து மரங்களுக்குத்தான் போகிறது. அங்கே என்ன பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை, மச்சான் பந்து தேடப் போயிருக்கிறான் என்றேன்.