பதினோராம் பிரிவில் ஒரு சொல்

அன்புள்ளவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தையின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "அப்பாவுக்குப் போட்டோ அனுப்பாதே, சிரிப்பாரு" என்று எனக்கு உத்தரவு.

நம் நாடும் நீங்கள் இருக்கும் நாடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட செய்தி இன்று காலைப் பத்திரிகையில் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு மூன்று வாரமாகவே தெரியும். தெரிந்தும் போனில் உங்களோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அமைச்சகத்தில் மொழிபெயர்ப்பாளர் என்றால் வாய்க்குப் பூட்டுத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இரு மொழிப் பிரதிகளையும் ஒப்பிடுவது என் பொறுப்பு. புதிய தூதரகம், துறைமுகச் சரக்குக்கு வரிச்சலுகை என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் பதினோராம் பிரிவுக்கு வந்தேன். அவர்களின் கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்கப் போன நம் முப்பத்திரண்டு பேரின் பணிக்காலம் மேலும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்படும் என்று இருந்தது. பேனா கையிலேயே நின்றுவிட்டது. முப்பத்திரண்டில் ஒருவர் நீங்களாயிற்றே.

அப்புறம்தான் கவனித்தேன். அவர்கள் பிரதியில் 'அவரவர் சம்மதத்துடன்' என்று இருந்தது. நம் பிரதியில் அது விட்டுப்போயிருந்தது. வீட்டுக்காரருக்காகப் பேசுகிறாள் என்பார்களோ என்று ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன். மறுநாள் செயலாளரிடம் போனேன்.

"ஒரு வார்த்தைக்காக மறுபடியும் அச்சடிக்கணுமாம்மா?" என்று அலுத்துக்கொண்டார்.

"என் வீட்டு விஷயமும் இதுல இருக்கு சார், மறைக்கல. ஆனா நம்ம பிரதியில இல்லன்னா, நம்ம ஆளுங்க எதைக் காட்டி நியாயம் கேப்பாங்க?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அச்சகத்துக்கு அவரே போன் செய்தார்.

ஆகவே சம்மதம் கேட்டு உங்களிடம் ஒரு காகிதம் நீட்டுவார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கே பட்டறையில் பத்து வருஷம் கிடைக்காத மரியாதை அங்கே பத்து மாதத்தில் கிடைத்திருக்கிறது. உங்கள் கடிதங்களிலேயே அது தெரிகிறது. இருங்கள் என்றோ வாருங்கள் என்றோ நான் எழுதமாட்டேன். எழுதினால் அது உங்கள் சம்மதமாக இருக்காது. உடனே கையெழுத்துப் போடாமல் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், அது போதும்.

துவைத்த துணிகளை மடித்து, கட்டிலில் உங்கள் பக்கம் அத்தை வைத்துவிட்டார்கள். எடுத்து நாற்காலியில் வைத்தேன்.

எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு நோகாமல் இருங்கள்.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி