கேக்காமெடுக்காதே மூலி

ஆம், கடல்வாய்க் கோட்டத்தின் காவலரே, அலை பணியும் வளவாணரே, அந்தக் குரல் எவருடையது என்று நீர் கேட்டெழுதிய ஓலை வந்து சேர்ந்தது. உம் துறை விளக்குகள் அணையாது எரிக! அரியணை ஏறி ஓராண்டும் நிறையாத முகிலூர் அரசி நறுங்கோதை விடை விடுக்கிறாள்.

உம் வணிகன் பொன்னந்தை எம் மலையில் குளிர்காய்ச்சலில் விழுந்து கிடந்தான். மருத்துவச்சி வெள்ளச்சி ஒரு வேரை அரைத்து ஊட்டி அவனை எழுப்பினாள். எம் மக்கள் செடியின் முன் நின்று "எடுக்கட்டுமா?" என்று கேட்பர், இலை அசைந்த பின்பே கை வைப்பர். தேறியதும் பொன்னந்தை அச்செடியைப் பற்றி இழுத்தபடியே, அதன் பெயரென்ன என்றான். "அய்யோ, கேக்காம எடுக்காதே!" என்று அலறினாள் அவள். தொட்டாற்சிணுங்கியைப் போல இதுவும் ஒரு பெயரென்று எண்ணிவிட்டான் அவன்.

அப்பெயரையே செப்பேட்டில் பொறித்து, செடியும் மருந்தும் தனக்கே உரியவை என்று உம்மிடம் உரிமை பெற்றான். பின்பு உம் எல்லைச் சந்தைக்கு வேர் கொணர்ந்த வெள்ளச்சியைத் திருடியென்று சிறையிட்டீர். "ஏன் சாமி, என் வைத்தியத்த நானே திருடுனேனா?" என்று சிரித்தாளாம். அதன்பின் அவள் வாய் திறக்கவில்லை.

ஆனால் உம் பண்டகசாலையில் வேர்மூட்டைகள் "கேக்காம எடுக்காதே" என்று ஒரு பெண்குரலில் பேசுகின்றன என்கிறீர். செப்பேட்டை வாசிக்கும் முரசறைவோன் வாயிலிருந்தும் அக்குரலே எழுகிறதாம். மந்திரவாதியை அழைக்கலாமா என்றும் கேட்கிறீர். அது வெள்ளச்சியின் குரலே.

அவள் சிறைப்பட்ட நாள் முதல் இங்கே பெருங்காற்றிலும் அச்செடிகள் மட்டும் அசைவதில்லை. அரசியே நேற்று நின்று கேட்டாள். ஓர் இலையும் அசையவில்லை. பறிக்க எவருக்கும் துணிவில்லை. குடில்களில் பிள்ளைகள் காய்ச்சலில் நடுங்குகிறார்கள்.

ஆகவே வெள்ளச்சியை விடுவித்துப் பல்லக்கில் அனுப்புக, செப்பேட்டை உருக்குக. மலைமன்றத்தின் இசைவின்றியும், பயனில் பங்கு தராமலும் எம் மலையில் எவரும் ஒரு வேரும் கொள்ளலாகாது என்பது இன்று முதல் முகிலூரின் சட்டம். முகில் இலச்சினை இட்டோம்.

உருக்குமுன் அந்த ஏட்டை ஒருமுறை நீரே உரக்க வாசித்துப் பாரும், மன்னரே. "கேக்காமெடுக்காதே" என்ற சொல்லின் கீழ் உம் முத்திரை அல்லவா இருக்கிறது? அப்படியானால் அது பேயின் குரலா, உம்முடைய ஆணையா? உமக்கு என்ன தோன்றுகிறது?