உணவகம் என்று எழுதிய மூன்று வருடம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஐஸ் மெஷின் மறுபடியும் மக்கர். ரிப்பேர் ஆள் மதியம் வருவானாம். வந்த மாதிரிதான்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பார் போன மாதம் எரிந்தது. அதன் ஓனர் இன்று இங்கே வந்து உட்கார்ந்தார். இன்ஷூரன்ஸ் ஒரு காசு கிடையாதாம். பாலிசியில் காப்பிக் கடை என்று இருக்கிறது, பாருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி கைவிரித்துவிட்டதாம். பாவம், வாங்கிய ஜூஸைக்கூடக் குடிக்கவில்லை.

அவர் போனதும் என் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். வியாபாரம்: உணவகம். நான் நடத்துவதும் பார்தான்.

எல்லாம் நான் இழுத்துக்கொண்ட வினை. மூன்று வருடத்துக்கு முன் பார் திறந்தபோது, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கும் அம்மாவிடம் ரெஸ்டாரண்ட் என்றுதான் சொன்னேன். ஏஜெண்ட் குணா, அம்மா போகும் கோயிலில் கமிட்டி ஆள். "உணவகம்னே போட்டுருவோம் லா அக்கா. சாப்பாடும்தானே குடுக்குறீங்க? கோயில்ல அம்மா கேட்டா நான் என்ன சொல்றது?" என்றான். நானும் மண்டையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

பாலிசி இந்த மாதம் 20 வரைதான்.

மார்ச் 5, புதன்

குணாவுக்கு போன்.

"உண்மைய எழுதினா கம்பெனி எடுக்காமலும் போகலாம் அக்கா. பழைய கட்டடம், மர மாடி, உள்ள முழுக்க சரக்கு. யோசிச்சுக்குங்க."

"எடுக்கலன்னா?"

"கட்டட ஓனரு இன்ஷூரன்ஸ் இல்லாம வாடகை ஒப்பந்தம் போட மாட்டாரு லா."

கடை போனால் என்னோடு இன்னும் நாலு பேர் நடுத்தெருவில். பொய்யோடு நடத்தினால் ஒரு தீப்பொறி போதும், அதே நடுத்தெரு.

"பார்னே எழுது" என்றேன்.

வாங்க: எலுமிச்சை, டிஷ்யூ, வாசல்படிக்கு வழுக்காத பாய்.

மார்ச் 7, வெள்ளி

கம்பெனி ஆய்வாளர் பத்து மணிக்கு வந்தார். மலாய்க்கார அம்மா, பெயர் பாரிடா. நோன்பு மாதம் என்பதை மறந்து, ஜூஸ் வேண்டுமா என்று கேட்டுத் தொலைத்தேன். சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். சுவிட்ச் போர்டு, போட்டோ. கேஸ் சிலிண்டர், போட்டோ. தீயணைப்பான் தேதி சரி, அப்பாடா. பின்வாசலை பீர் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. மானம் போயிற்று.

அடுத்தது சாமி மேடை. தினமும் மாலை ஐந்து மணிக்குக் கற்பூரம் காட்டித்தான் கடையைத் திறப்போம். நேர் கீழே விஸ்கி, ரம், ஓட்கா. பாரிடா கற்பூரத் தட்டைப் பார்த்தார், பாட்டில்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். மூன்று வருடம் இந்த இடம் எரியாமல் இருந்ததற்குப் பிள்ளையார் கூடுதல் நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும்.

"சாமிய நகத்திருவோமா அக்கா?" பானம் கலக்கும் லீனா கேட்டாள்.

"அவரு அங்கேயே இருக்கட்டும். பாட்டிலத் தூக்கு."

நாலு மணிக்குள் முடித்துவிட்டோம். பின்வாசலும் திறந்தாயிற்று. என்ன காற்று! இத்தனை நாள் மடத்தனமாக ஃபேன் போட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

மழை. ஃபெரியில் பட்டர்வொர்த். குணா வாயிலிருந்து அம்மாவுக்குத் தெரியக்கூடாது, நானே சொல்லிவிட வேண்டும்.

"அம்மா, அது ரெஸ்டாரண்ட் இல்ல. பார்."

சோற்றில் சொதி ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

"தண்ணி விக்கிறியா?"

"ஆமா."

"மூணு வருஷமா?"

"ஆமா." இன்ஷூரன்ஸ் கதையையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா கத்தியது அதற்குத்தான்.

"ஃபாரத்துல பொய் எழுதி கையெழுத்து போட்டியா? முப்பது வருஷம் கிளார்க்கா இருந்தேன்டி நான்! என் வயித்துல பொறந்துட்டு இப்படியா?"

குணா கொடுத்திருந்த புதுப் படிவத்தை என் பையிலிருந்து எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"எத்தனை நாற்காலின்னு எழுதல."

எழுதினேன்.

"பாட்டு கச்சேரி உண்டா?"

"வெள்ளி, சனி மட்டும்."

"அதையும் எழுது."

பாரைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது முகம் கொடுக்கவில்லை. ஃபெரியில் அழுதேன். ஆனால் நெஞ்சில் பாரம் குறைந்திருந்தது.

மார்ச் 14, வெள்ளி

"எடுத்துக்கிட்டாங்க அக்கா!" குணா போனில் கத்தினான். நானும் கத்தினேன். லீனா கையிலிருந்த கிளாஸைப் போட்டு உடைத்தாள். பிரீமியம்தான் கூடிவிட்டது. போகட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

அம்மா வீட்டுக்குப் போனேன். பேசுவாரா, மாட்டாரா என்று வாசலிலேயே தயங்கி நின்றேன். உள்ளே கோலாலம்பூர் அத்தையோடு போனில் இருந்தார். என்னைப் பார்த்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

"ரெஸ்டாரண்ட் இல்ல அண்ணி, பார். ஆமா, பார்தான். என் மக நடத்துறா. இன்ஷூரன்ஸ் எல்லாம் பக்காவா இருக்கு, நானே ஃபாரத்த பாத்தேன்."